எழுத்துக்கூட்டலுக்காக முடக்கப்பட்ட படம்: செனகலின் மொழிச் சிக்கல்

[காட்சி: செனகல் தலைநகர் டக்காரின் கடற்கரை. மீன் விற்கும் பெண்களின் குரல்கள்.]

இயக்குநர் உஸ்மான் செம்பேன் 1977இல் எடுத்த 'செட்டோ' என்னும் படம், அவருடைய சொந்த நாடான, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகலில் பல ஆண்டுகள் திரையிடப்படாமல் இருந்தது. தலைப்பில் ஒரு மெய்யெழுத்தை அவர் இரட்டித்து எழுதியிருக்கிறார், அரசாணைப்படி அது ஒற்றையாகத்தான் வர வேண்டும் என்பதே அரசு சொன்ன காரணம். படம் மதத்தைப் பற்றிப் பேசியதுதான் உண்மைக் காரணம் என்று கருதுவோர் பலர். ஆயினும் எழுத்துக்கூட்டல் அங்கே அற்ப விஷயமன்று. படத்தின் தலைப்பு அமைந்த வொலோஃப் மொழியில் மெய்யொலி இரட்டித்தால் பொருளே மாறும். கனிக்கும் கன்னிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

[காட்சி: செனகல் வரைபடம், மொழிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

செனகலில் 35க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. வொலோஃபைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவே. ஆனால் சந்தை, பேருந்து, வானொலி, நகரத்துத் தெரு ஆகியவற்றின் வழியாக அது பரவி, இன்று ஏறத்தாழ 80 சதவீதத்தினர் பேசும் பொதுமொழியாகிவிட்டது. காலனி ஆட்சியோடு வந்த பிரெஞ்சை அறிந்தவர்களோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்தாம். இருந்தும் 2001ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, முதல் பிரிவிலேயே பிரெஞ்சை ஆட்சிமொழி என்கிறது. வொலோஃப், செரேர், புலார், ஜோலா, மண்டிங்கா, சொனின்கே ஆகிய ஆறும், எழுத்துமுறை வகுக்கப்படும் பிற மொழிகளும் 'தேசிய மொழிகள்'. சட்டமும் தீர்ப்பும் எழுதப்படுவது ஆட்சிமொழியில். தேசிய மொழி என்ற தகுதி பெரும்பாலும் மதிப்புக்குரிய பெயராகவே நின்றுவிடுகிறது.

[காட்சி: செங்கோரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

இந்த ஏற்பாட்டின் சிற்பி, 1960 முதல் 1980 வரை ஆண்ட முதல் அதிபர் லெயோபோல்ட் செடார் செங்கோர். செரேர் இனத்தவரான அவர் பிரெஞ்சில் கவிதை எழுதிப் புகழ்பெற்றவர். பிரான்சில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். ஆறு மொழிகளுக்கும் தேசிய மொழித் தகுதி தந்த 1971ஆம் ஆண்டு ஆணை அவருடைய ஆட்சியில்தான் வந்தது. ஆப்பிரிக்க மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டா என்று ஆராய்வதில் அவர் காட்டிய ஆர்வத்தால், தமிழறிஞர் க. ப. அறவாணன் டக்கார் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தொலைதூரத்து மொழிகளிடம் இத்தனை அன்பு காட்டிய ஒருவர், தம் மக்களின் மொழிகளை ஆட்சிக்கூடத்தின் வாசலிலேயே நிறுத்திவைத்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. செம்பேன் வேறு வழியைத் தேர்ந்தார். மொழியியலாளர் பாத்தே தியாஞ்ஞுடன் சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் 'கத்து' என்ற வொலோஃப் இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குப் 'பேச்சு' என்று பொருள்.

வொலோஃபுக்கு எழுத்து மரபே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. அரபு எழுத்தில் வொலோஃபை எழுதும் 'வொலோஃபல்' முறையில், முரீது என்னும் இஸ்லாமியச் சூஃபி நெறியைச் சேர்ந்த மூசா கா போன்ற கவிஞர்கள் நீண்ட பாடல்களை இயற்றியுள்ளனர். பிரெஞ்சுப் பள்ளியின் வாசலை மிதிக்காத வணிகர்கள் தங்கள் கணக்கை இதே எழுத்தில் குறித்துவைக்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், இவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகவே கணக்கில் சேர்வார்கள்.

[காட்சி: வகுப்பறை. கரும்பலகையில் பிரெஞ்சு வாக்கியம்.]

வீட்டில் புலார் பேசும் ஆறு வயதுக் குழந்தை, பள்ளியில் முதல் நாளிலேயே பிரெஞ்சைச் சந்திக்கிறது. தேசிய மொழிகளைக் கல்விக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1981இல் கூடிய தேசியக் கல்வி மாநாடு பரிந்துரைத்தது. அதன்பின் இருமொழி வகுப்புகள் சோதனை முயற்சிகளாக வந்துபோயினவே தவிர, நாடு முழுவதும் வேரூன்றவில்லை.

பிரெஞ்சின் இடத்தில் வொலோஃபை அமர்த்திவிட்டால் போதுமே என்று தோன்றலாம். புலார் பேசும் மக்களில் பலர் இதை ஏற்பதில்லை. டக்காரில் வளரும் தங்கள் பிள்ளைகள் வொலோஃபுக்கு மாறிவிடுவதை அவர்கள் கண்ணெதிரே காண்கிறார்கள். பிரெஞ்சைவிட வொலோஃபே தங்கள் மொழிக்கு நெருங்கிய ஆபத்து என்னும் அவர்களுடைய அச்சத்தைப் பொருட்படுத்தாத எந்தத் திட்டமும் நியாயமாகாது.

[காட்சி: நாடாளுமன்றம். காதொலிக்கருவி அணிந்த உறுப்பினர்கள்.]

2014இல் நாடாளுமன்றத்தில் ஆறு தேசிய மொழிகளுக்கும் உடனடி மொழிபெயர்ப்பு வசதி அமைக்கப்பட்டது. பிரெஞ்சில் தடுமாறிய உறுப்பினர்கள் அதன்பின் தங்கள் மொழியிலேயே விவாதிக்கலாம் என்றானது. 2024இல் அதிபரான பசிரு தியோமாய் ஃபாய், நாட்டு மக்களுக்கு ஆற்றும் உரைகளைப் பிரெஞ்சில் நிகழ்த்தியபின் வொலோஃபிலும் நிகழ்த்துகிறார். தேர்தல் மேடைகளிலும் வொலோஃபே ஓங்கி ஒலிக்கிறது. ஆனால் அந்த மேடையில் ஏறும் தகுதியை வகுக்கும் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அதிபர் வேட்பாளர் ஆட்சிமொழியை எழுதவும் படிக்கவும் சரளமாகப் பேசவும் அறிந்திருக்க வேண்டும் என்று கோருகிறது.