ஐஸ் ஹாக்கியும் அம்மோனியா கம்ப்ரஸரும்

வணக்கம் நேயர்களே.

வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்கு மிகப் பெரிய பரிசு ஸ்டான்லி கோப்பை. 2024-லும் 2025-லும் அதை வென்றது புளோரிடா பாந்தர்ஸ் அணி. அதற்கு முந்தின ஆண்டு லாஸ் வேகாஸ் நகரத்து அணி. 2020, 2021 இரண்டு ஆண்டும் டாம்பா பே அணி, அதுவும் புளோரிடாதான். புளோரிடா கடலோரப் புழுக்கம் நிறைந்த மாநிலம். லாஸ் வேகாஸ் பாலைவனத்து நடுவில் இருக்கிற ஊர், கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சர்வ சாதாரணம். இறுதிப் போட்டிகள் நடப்பதும் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான். நம் வேலூரில் கத்திரி வெயில் முடிந்தும் சூடு தணியாத அதே நாட்களில், அந்த வெயில் ஊர்களில் ஐஸ் மேல் ஹாக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் குளிர்பதன வேலை பார்க்கிறவன். ஐஸ் பேக்டரி, பால் குளிரூட்டும் நிலையம், குளிர்பதனக் கிடங்கு என்று இந்த வட ஆற்காட்டுப் பக்கமே சுற்றி வேலை செய்கிறேன். இந்த விளையாட்டை டிவியில் பார்க்கும்போது என் கண் முதலில் போவது ஆட்டக்காரர்களிடம் இல்லை, அவர்கள் காலுக்குக் கீழே இருக்கிற ஐஸ் மேல்தான். இன்று அந்த ஐஸைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் நம் ஊர் ஐஸ் பேக்டரிக்குள் போவோம். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அதற்குள் ஓடும் குழாய்ச் சுருளில் அம்மோனியா ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் உப்புத் தண்ணீர் மைனஸ் 10 டிகிரி வரை இறங்கிவிடும், ஆனால் உப்பு இருப்பதால் உறையாது. நல்ல தண்ணீர் நிரப்பிய தகர கேன்களை அதற்குள் இறக்கி வைத்தால், கேன் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஐஸ் கட்டிக்கொண்டே வரும். ஒரு பெரிய கட்டி முழுதாக உறைய ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும்.

வெளியே எடுத்த ஐஸ் பாரைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு ஓடும். தண்ணீர் உறையும்போது தன் மூலக்கூறுகளை ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. அந்த அடுக்குக்குள் உப்புக்கும் காற்றுக்கும் இடமில்லை. அதனால் அவற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் உறைகிற நடுப்பகுதியில் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன. அந்த வெள்ளைப் பகுதியைத் தட்டினால் சட்டென்று பொரிந்து போகும். தெளிந்த பகுதி அப்படிச் சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. ஹாக்கி ரிங்க் கட்டுகிறவர்கள் படுகிற பாடு பாதி இந்த வெள்ளைக் கோட்டைத் தவிர்க்கத்தான்.

ரிங்க் என்பது ஏறக்குறைய 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலமுள்ள கான்கிரீட் தளம். சர்வதேசப் போட்டிகளில் இன்னும் அகலமாகவும் இருக்கலாம். கான்கிரீட்டுக்குள்ளே வரிசையாகக் குழாய்கள். அவற்றுக்குள் ஓடுவது நம் தொட்டியில் இருக்கிற மாதிரியே உப்புக் கரைசல், பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. அதைக் குளிர வைப்பது பெரும்பாலான இடங்களில் அம்மோனியா. குழாய்களை 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் மொத்தம் 16 கிலோமீட்டர் குழாய் ஆகும். தளத்துக்கு அடியில் வெப்பத்தடுப்பு அடுக்கு, அதற்கும் கீழே வெதுவெதுப்பான குழாய்கள் இன்னொரு வரிசை. ஐஸுக்கு அடியில் எதற்குச் சூடு என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால் வருடக்கணக்கில் குளிர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி, மண்ணில் இருக்கிற ஈரம் உறைந்து உப்பி, மேலே இருக்கிற கான்கிரீட்டையே தூக்கிப் பிளந்துவிடும்.

இவ்வளவு ஏற்பாட்டுக்கு மேலே நிற்கிற ஐஸ் எத்தனை கனம்? இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். அதற்கு மேல் கனமாக்கினால் ஐஸே ஒரு போர்வையாகி அடியில் இருந்து வரும் குளிரை மறைக்கும், மேல்புறம் இளகும், கரண்ட் பில் ஏறும். கணக்குப் போட்டால் மொத்தம் 40,000 லிட்டர் தண்ணீர், நம் ஊர்த் தண்ணீர் லாரி நாலைந்து நடை. அதை ஒரே தடவையில் ஊற்றி உறைய வைக்க மாட்டார்கள். மெல்லிய படலமாகத் தெளித்து, அது உறைந்த பிறகு அடுத்தது, அப்புறம் அடுத்தது. நடுவில் வெள்ளைப் பெயிண்ட், அதன் மேல் சிவப்பு நீலக் கோடுகள், மறுபடி தண்ணீர்ப் படலங்கள். படலம் மெல்லியதாக இருந்தால் காற்று மாட்டிக்கொள்ளாமல் வெளியேறிவிடும்.

தண்ணீரின் தரமும் முக்கியம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நம் போர்த் தண்ணீரே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. உப்பு அதிகமுள்ள தண்ணீரில் செய்த ஐஸ் மங்கலாக இருக்கும், மிருதுவாகவும் இருக்கும். அதனால்தான் பல ரிங்குகளில் தண்ணீரை முதலில் சுத்திகரித்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். பெயர் பிராங்க் சாம்போனி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தம்பியோடு சேர்ந்து ஐஸ் பேக்டரி நடத்தினார். வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வர ஆரம்பித்ததும் ஐஸ் கட்டி வியாபாரம் படுத்துவிட்டது. குளிர்பதன வாயுவை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரஸர் இருக்கிறது, அதை ஓட்டத் தெரிந்த கையும் இருக்கிறது. 1940-ல் பாரமவுண்ட் என்ற ஊரில் ஸ்கேட்டிங் ரிங்க் கட்டினார்கள். ஆட்கள் சறுக்கச் சறுக்க ஐஸ் கீறிப் பொடியாகும். அதைச் சுரண்டி, அள்ளி, கழுவி, தண்ணீர் விட்டு உறைய வைக்க மூன்று நான்கு பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதை ஒரே வண்டி செய்ய வேண்டும் என்று பல வருடம் முயன்று, 1949-ல் செய்து காட்டினார். இன்றும் ஆட்ட இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி வருகிற அந்த வண்டிக்கு உலகம் முழுக்க அவர் பெயர்தான். வண்டியின் பின்பகுதியில் கூரான பிளேடு மேல் படலத்தைச் சீவி எடுக்கிறது, அதற்குப் பின்னால் துணி வழியாகச் சுடுதண்ணீர் பரவுகிறது. சுடுதண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குறைவு. அதோடு, அது பழைய ஐஸின் மேல்புறத்தை லேசாக இளக்கி, அதனோடு ஒட்டி ஒரே ஐஸாக உறைகிறது. ஒரு ஐஸ் கட்டி வியாபாரியின் கைவேலை இது. எங்கள் தொழிலில் வருகிற பிள்ளைகளுக்கு இந்த மனிதரைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, ஐஸ் ஏன் வழுக்குகிறது? நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக் கொடுத்தது, அழுத்தத்தால் உருகுகிறது என்று. ஐஸ் கட்டி மேல் கம்பியை வைத்து இரண்டு பக்கமும் எடை தொங்கவிட்டால், கம்பி கட்டியை அறுத்துக்கொண்டு இறங்கும், ஆனால் கட்டி இரண்டாகாது. பலர் இந்தப் பரிசோதனையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கேட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒத்து வராது. ஐஸின் உருகுநிலையை ஒரு டிகிரி குறைக்க வளிமண்டலத்தைப் போல 130 மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். 70 கிலோ ஆள் ஒற்றை பிளேடில் நின்றாலும் அந்த ஒரு டிகிரியை எட்டுவதே கஷ்டம். ஓரம் மட்டும் ஐஸில் படுகிறது என்று வைத்துக்கொண்டாலும் சில டிகிரிதான். ஆனால் மைனஸ் 20 டிகிரியிலும் மக்கள் நன்றாகவே சறுக்குகிறார்கள்.

உராய்வால் வரும் சூடு ஒரு காரணம் என்று 1939-ல் பவுடன், ஹியூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். அது ஓடுகிறவருக்குச் சரி. சும்மா நிற்கிறவரும் வழுக்கி விழுகிறாரே? ஐஸின் மேல்பரப்பே ஒரு தனி விஷயம் என்பதை மைக்கேல் பாரடே 1850 வாக்கிலேயே கவனித்திருந்தார். உள்ளே இருக்கிற மூலக்கூறை நாலு பக்கமும் மற்ற மூலக்கூறுகள் பிடித்திருக்கின்றன. மேல்பரப்பில் இருப்பதற்குப் பிடிமானம் குறைவு, அதனால் இடம்விட்டு நகர்கிறது, உருள்கிறது. 2018-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு அளந்து பார்த்தபோது, உராய்வு மிகக் குறைவாக இருந்தது மைனஸ் 7 டிகிரி அருகில். மைனஸ் 100 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஐஸ் வழுக்குவதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது, மூலக்கூறுகளுக்கு நகரத் தெம்பில்லை. மைனஸ் 7-க்கு மேலே சூடேறினால் ஐஸ் மிருதுவாகி, பிளேடு உள்ளே உழ ஆரம்பிக்கிறது.

ரிங்க் நடத்துகிறவர்கள் இந்த ஆராய்ச்சிக்கு வெகு காலம் முன்பே அனுபவத்தில் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள். கலைநயமாகச் சறுக்கி நடனமாடுகிறவர்களுக்கு மைனஸ் 5 சுற்று வட்டாரம். குதித்து இறங்கும்போது பிளேடு கொஞ்சம் பதிய வேண்டும். ஹாக்கிக்கு இன்னும் இறக்கி மைனஸ் 9 அளவில் வைப்பார்கள், கடினமான ஐஸ் வேண்டும். இரண்டுக்கும் நாலு டிகிரிதான் வித்தியாசம். அந்த நாலு டிகிரியைக் கூட்டம் நிறைந்த அரங்கில், விளக்கு வெளிச்சத்தில், மூன்று மணி நேரம் பிடித்து வைப்பவர்தான் இயந்திர அறையில் இருக்கிற ஆள்.

ஆட்டக்காரர் காலில் இருக்கிற பிளேடு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தேய்த்திருப்பார்கள், அதனால் இரண்டு பக்கமும் கூரான ஓரம் கிடைக்கும். அந்த ஓரத்தை ஐஸில் ஊன்றிப் பக்கவாட்டில் உதைத்துத்தான் வேகம் எடுக்கிறார்கள்.

பந்துக்குப் பதில் அவர்கள் அடிப்பது பக் என்கிற ரப்பர் வட்டு. எடை 156 முதல் 170 கிராம். நாம் தரையில் ஆடுகிற ஹாக்கிப் பந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான். ஆட்டத்துக்கு முன் இந்த வட்டுகளைப் பிரீசரில் போட்டு உறைய வைப்பார்கள். ரப்பர் குளிர்ந்தால் துள்ளாது, ஐஸோடு படுத்துச் சறுக்கும். ஆட்டத்தில் சூடேறிய வட்டை மாற்றிவிட்டுப் பிரீசரில் இருந்து வேறொன்றைப் போடுவார்கள்.

ஓங்கி அடிக்கிற அடியில் ஒரு நுட்பம் இருக்கிறது. மட்டை முதலில் படுவது வட்டில் இல்லை, வட்டுக்குச் சற்றுப் பின்னால் ஐஸில். அங்கே அழுந்தி மட்டை வில்லாக வளைகிறது, நிமிரும்போது சேர்த்து வைத்த விசையெல்லாம் வட்டுக்குப் போகிறது. மரமாக இருந்த மட்டை கார்பன் இழைக்கு மாறியதற்கு இந்த வளைதலும் எடைக் குறைவும்தான் காரணம். 2012-ல் ஒரு போட்டியில் ஸ்தேனோ ஹாரா என்ற ஆட்டக்காரர் அடித்த வட்டு மணிக்கு 175 கிலோமீட்டர் வேகம். 20 மீட்டர் தொலைவில் நிற்கிற கோல்கீப்பருக்குக் கிடைப்பது அரை விநாடிகூட இல்லை. அப்படிப்பட்ட வட்டுக்கு முன்னால் வெறும் முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் ஜாக் பிளாண்ட் என்ற கோல்கீப்பர் முகத்தில் அடிபட்டு, தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் இனி இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியிழை முகமூடி பரவியது.

வெயில் ஊருக்கு வருகிறேன். வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் பெரிய எதிரி. 1975 மே 20, அமெரிக்காவின் பஃபலோ நகரம், ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம். அரங்கில் ஏசி இல்லை, வெளியே நல்ல புழுக்கம். ஈரக் காற்று ஐஸைத் தொட்டதும் மைதானம் முழுக்க மூடுபனி கிளம்பிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி, ஆட்டக்காரர்களைச் சுற்றிச் சுற்றிச் சறுக்கவிட்டுப் பனியைக் கலைத்தார்கள். கூடுதல் நேரத்தில் பஃபலோ ஆட்டக்காரர் ரெனே ராபர்ட் அடித்த வட்டு கோல்கீப்பர் சரியாகப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டது. இன்று புளோரிடாவில் அந்தப் பிரச்சினை வராததற்குக் காரணம், ஐஸைக் குளிர வைக்கிற இயந்திரத்தோடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற இயந்திரமும் இடைவிடாமல் ஓடுவதுதான்.

அம்மோனியா பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 அக்டோபரில் கனடாவில் பெர்னி என்ற ஊரின் ரிங்கில், குளிரூட்டியின் பழைய குழாயில் ஓட்டை விழுந்து அம்மோனியா கசிந்து, வேலையில் இருந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். அதே வாயுவோடுதான் நம் ஐஸ் பேக்டரிகளிலும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். குழாயின் வயதைப் பார்த்து மாற்ற வேண்டும். இன்னும் ஒரு சீசன் ஓடட்டும் என்று விடக் கூடாது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வேகச் சறுக்கு அரங்கின் ஐஸைக் கார்பன் டை ஆக்சைடு வைத்தே உறைய வைத்தார்கள். அழுத்தம் அதிகம், ஆனால் அம்மோனியாவின் நச்சு இல்லை.

நம் நாட்டில் இந்த ஆட்டத்தின் வீடு லடாக். பெரும்பாலும் ராத்திரியில் தண்ணீர் விட்டு, குளிரே உறைய வைத்த ஐஸில் ஆடிப் பழகுகிறார்கள், அதுவும் குளிர்காலத்தில் கொஞ்ச நாட்கள்தான். அப்படிப் பழகிய பெண்களைப் பெரும்பாலும் கொண்ட இந்திய அணி, 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. வென்ற இடம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன், பாலைவனச் சோலை நகரம். டேராடூனில் 2011-ல் கட்டிய செயற்கை ரிங்க் பல வருடம் மூடிக் கிடந்து, 2025-ல்தான் மறுபடி உயிர்பெற்றது.

தெற்கிலும் ஒரு ரிங்க் வரட்டும் என்பது என் விருப்பம். கரண்ட் செலவு பயமுறுத்தும், உண்மைதான். ஆனால் ஐஸிலிருந்து எடுத்த வெப்பம் எங்கேயும் காணாமல் போவதில்லை, கம்ப்ரஸரின் மறுபக்கம் சூடாக வெளியே வருகிறது. நம் பேக்டரிகளில் அதைக் கூலிங் டவர் வழியாக வானத்துக்கு விடுகிறோம். நல்ல ரிங்குகளில் அதே சூட்டில்தான் ஐஸ் மேல் பரப்புகிற தண்ணீரைக் காய்ச்சுகிறார்கள், அடிமண் குழாய்களுக்கும் அதைத்தான் அனுப்புகிறார்கள். பால் பண்ணைக்குப் பக்கத்தில் ரிங்க் இருந்தால், கேன் கழுவத் தேவையான சுடுதண்ணீருக்கு அந்தச் சூட்டையே திருப்பலாம். இதை வரைந்து கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் நம் ஐடிஐகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இப்போதே படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.