ரப்பரைக் கீழே வையுங்கள்

(தக்கலையில் நடந்த ஓவிய ஆர்வலர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓயாத பணிகளுக்கிடையே எங்கள் அழைப்பை ஏற்று வந்து, இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, பந்தலும் தேநீரும் தந்து உதவிய நகர்மன்ற உறுப்பினர்களே, தூரிகை பிடித்தே தலை நரைத்த மூத்த ஓவியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்னும் ஔவை வாக்கைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்குவதில்லை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இன்றும் அவர்களை ஏமாற்றப் போவதில்லை. இறுகிப்போன கையைத் தளர்த்தும் மூன்று பயிற்சிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: நேரத்தைக் குறைத்தல், தாளைப் பாராமல் வரைதல், கருவியை மாற்றுதல்.

முப்பது விநாடிக்குள் ஓர் ஆளை வரைய வேண்டுமென்றால் கண்ணிமையையும் சட்டைப் பொத்தானையும் வரைய நேரமிராது. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதை மட்டுமே கண் தேடும். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்கில் கற்பித்த கிமோன் நிக்கோலாய்டிஸ் இதை ஒரு பாடமுறையாகவே வளர்த்தெடுத்தார். மணிக்கட்டை ஊன்றாமல் தோளிலிருந்து கையை வீசி வரைவது இதற்கு அவசியம்.

இதை விளக்கத் தோவாளைப் பூச்சந்தைக்குச் சில மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களில் ஒருவன் அடிமட்டமும் ரப்பரும் இல்லாமல் கோடே போடமாட்டான். பிச்சிப்பூவை நிறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் போய், “அசையாம நில்லுங்கம்மா, படம் வரையணும்” என்று பணிவாகக் கேட்டான். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, “மக்களே, நான் நின்னா பூ வாடிரும்லா, நீ கையை வேகமா ஓட்டு” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பையனின் ரப்பர் கூடைக்கடியில் உருண்டோடிவிட்டது. தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. வேறு வழியின்றிக் கிறுக்கத் தொடங்கினான். வளைந்த முதுகும் நீண்ட கையும் தொங்கும் தட்டுமாக ஏழெட்டுக் கோடுகளில் அந்த அம்மாள் தாளுக்கு வந்துவிட்டார். வாங்கிப் பார்த்தவர், “மூக்கு எங்க மக்களே?” என்று கேட்டாரே தவிர, அது தாம்தான் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை!

இரண்டாவது பயிற்சியில் கண் பொருளின் விளிம்பிலேயே ஊர்ந்து செல்ல, கை தாளைப் பாராமல் அதைப் பின்தொடர வேண்டும். வரும் படம் கோணலாகத்தான் இருக்கும். ஆனால், மனப்பாடமாகிவிட்ட மூக்கையும் தென்னை மரத்தையும் வரையும் பழக்கம் அதில் உடைந்துபோகும். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகைச் சுவரோவியங்களைப்போல நிதானமாகத் தீட்ட விரும்புவோரும் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சித்திரமும் கைப்பழக்கம் அல்லவா?

மூன்றாவதாக ஈர்க்குச்சியை மையில் தோய்த்து வரைவதைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். கல்வி அலுவலர் அவர்கள் புறப்படுமுன் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

கைப்பழக்கம் வரவேண்டிய வயதில் நம் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு அட்டவணையில்தான் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் அந்த மணிநேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாள் பணிதான் வகுக்கப்பட்டது. முப்பது விநாடிப் பயிற்சிக்கு ஒருபக்கம் எழுதிய பழைய தாளே போதும். ஆனால், அதை நாள்தோறும் செய்விக்க முழுநேர ஆசிரியர் ஒருவர் வேண்டாமா? குமரி மாவட்டத்தின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் அப்படி ஒருவரைக் கேட்கும் மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. கல்வி அலுவலர் அவர்கள் கையோடு எடுத்துச் செல்ல வசதியாக, எல்லோரும் இப்போதே கையொப்பமிட வேண்டுகிறேன். வணக்கம்.