எடுத்துக்கொள்ளுங்கள், யாருடையது என்று சொல்லிவிட்டு

எல்லோருக்கும் வணக்கம். திறந்த கல்வி என்றதும் “ஓ, இலவசப் பாடமா?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். இலவசம் அதில் சின்னப் பகுதி. 2001-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் திறந்துவைக்கப்போவதாக அறிவித்தது, அடுத்த ஆண்டு டிசம்பரில், தன் படைப்பைப் பிறர் பயன்படுத்த எழுதியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன, அதன்பின் ஒருவர் எழுதிய பாடத்தை இன்னொருவர் தனியாக அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்துவது எளிதாயிற்று. திருத்தலாமா, விற்கலாமா என்பதில் உரிமத்துக்கு உரிமம் வித்தியாசம் உண்டு. ஆனால் இன்று புழக்கத்தில் உள்ள ஆறு உரிமங்களும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை: எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இடிக்கிற இடம் அதுதான். ஒளிச்சேர்க்கை பற்றிப் பாடம் கேட்டால் நொடியில் தருகிறது, ஆனால் எவர் எவர் எழுதியதிலிருந்து கற்றுக்கொண்டு அதைச் சொல்கிறது என்று அதற்கே சொல்லத் தெரியாது. வற்புறுத்திக் கேட்டால் சில நேரம் இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோடு சான்று தரும்!

ஆசிரியர்களே, அப்படி வந்ததை அப்படியே திறந்த உரிமத்தில் வெளியிடாதீர்கள். முழுக்க இயந்திரம் உருவாக்கியதற்குப் பதிப்புரிமை கிடையாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. உரிமையே இல்லாதபோது எதை வைத்து உரிமம் கொடுப்பீர்கள்? எந்தப் பகுதி இயந்திரம் எழுதியது, யார் சரிபார்த்தது என்று இரண்டு வரி போடுங்கள், போதும்.

மாணவர்கள் விஷயத்துக்கு வருவோம். கட்டுரையை இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவியை நம்பி யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தவர்களுக்கே முடியாதது, எங்கிருந்தோ இறக்கிய ஒரு மென்பொருள் காட்டும் சதவீதத்துக்கு மட்டும் முடியுமா என்ன? அதைவிட, கட்டுரையோடு முதல் வரைவையும் இயந்திரத்துடன் நடந்த உரையாடலையும் சேர்த்துக் கேளுங்கள், கூப்பிட்டு வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள், எழுதியது யார் என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். விடை கேட்பதற்குப் பதிலாக “என்னிடம் கேள்வி கேள், தப்பாகச் சொன்னால் குறிப்பு மட்டும் கொடு” என்று அதனிடம் சொல்லவும் மாணவருக்குக் கற்றுக்கொடுக்கலாம், நான் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான்.

அப்புறம் வயது. வகுப்பறையில் இதைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது வேண்டும் என்கிறது 2023 செப்டம்பரில் வந்த யுனெஸ்கோ வழிகாட்டி. இன்னொன்று நம்மைப் பற்றியது: மதிப்பெண் பட்டியலை மாணவர் பெயர்களோடு இந்தச் செயலிகளில் ஒட்டி “அறிக்கை எழுதிக் கொடு” என்று கேட்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சரி, இனி உங்கள் கேள்விகள்.