அடைக்கலமாகக் கொடுத்த பாட்டு

எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டினாற்போல, யூக்கான் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கே நடந்த தங்க வேட்டையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன், ஆனால் மீனிலிருந்துதான் தொடங்குவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிளாண்டைக் என்ற பெயரைக் கேட்டதுமே தங்கம்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது மீன்பிடிக்கிற சொல். ஆற்றுப் படுகையில் மரக்கழிகளை வரிசையாக அடித்து இறக்கி, வேலி மாதிரி கட்டி, எதிர்நீச்சல் போட்டு வருகிற சால்மன் மீனை மடக்கிப் பிடிப்பது அந்தப் பகுதியின் பழங்குடியான ஹான் மக்களின் வழக்கம். அந்தக் கழிகளை அடிக்கிற சுத்தியல் கல்லை வைத்துத்தான் ஆற்றுக்கு ட்ரான்டெக் என்று பெயர். வந்தவர்கள் வாயில் அது நுழையவில்லை, கிளாண்டைக் ஆகிவிட்டது. அந்த ஆறு யூக்கான் ஆற்றோடு சேர்கிற கூடுதுறையில் ட்ரோச்செக் என்று அவர்களுடைய கோடைக்கால மீன்பிடி முகாம் இருந்தது.

1896 ஆகஸ்ட் 16. பக்கத்திலேயே ஒரு சிற்றோடையில் தங்கம் தட்டுப்படுகிறது. அங்கே இருந்தவர்கள் ஜார்ஜ் கார்மாக் என்ற வெள்ளைக்காரர், டாகிஷ் என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த அவர் மனைவி கேட், கேட்டின் அண்ணன் ஸ்கூக்கம் ஜிம், அவர்கள் உறவுப் பையன் டாசன் சார்லி. முதலில் யார் கண்ணில் பட்டது என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் கண்டுபிடித்தவர் என்று பதிவானது கார்மாக்கின் பெயர்தான், ஒரு செவ்விந்தியர் பெயரில் எழுதிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள் என்று அவர் காரணம் சொன்னாராம். 1900-இல் கேட்டைக் கைவிட்டுவிட்டு வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கேட் தன் ஊரான கார்கிராஸுக்கே திரும்பி, 1920-இல் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் இறந்துபோனார். கனடாவின் சுரங்கத்துறைப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் ஏறியது 2019-இல். நூறு வருடம் கழித்து!

சரி, வந்தவர்கள் கதைக்கு வருகிறேன். கிளம்பியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்கிறார்கள், போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பதாயிரம்தான். ஒரு வருடத்துக்கான சாமான் இல்லாமல் எல்லையைத் தாண்டவிட மாட்டோம் என்று கனடா போலீஸ் நின்றுகொண்டது, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன். அதைச் சில்கூட் கணவாயின் பனிச்சரிவில் ஆளே முதுகில் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும், ஒரு மூட்டையை மேலே வைத்துவிட்டு இறங்கி அடுத்ததை எடுக்கவேண்டும், இப்படி முப்பது நாற்பது தடவை. அந்தக் கணவாய் ட்லிங்கிட் என்ற பழங்குடி மக்களின் பழைய வியாபாரப் பாதை. காசு இருந்தவர்கள் அவர்களுக்குக் கூலி கொடுத்துச் சுமக்கச் சொன்னார்கள். இவ்வளவு பாடுபட்டு 1898 கோடையில், அந்தக் கூடுதுறைக்குப் பக்கத்தில் முளைத்திருந்த டாசன் நகரத்துக்குப் போய் இறங்கினால், நல்ல ஓடை ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் வளைத்துவிட்டார்கள். பாவம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இடம் கிடைத்தவர்களுக்கும் மண் லேசில் இளகவில்லை. அங்கே நிலம் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும், மண்வெட்டி இறங்காது. அதனால் ராத்திரி குழிக்குள் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள், காலையில் ஓரடி, ஒன்றரை அடி இளகியிருக்கும், அதை வாரி மேலே கொட்டிவிட்டு மறுபடி தீ. குளிர்காலம் முழுக்க இதே வேலை, வசந்தத்தில் பனி உருகித் தண்ணீர் வந்த பிறகுதான் அந்தக் குவியலை அலசிப் பார்க்க முடியும். எத்தனை விறகு போயிருக்கும், யோசித்துப் பாருங்கள். மலை மொட்டையாயிற்று, மூஸ் மான்கள் தூரப் போய்விட்டன, ஓடைகள் சேறாயின. ட்ரோச்செக் முகாமில் மரம் அறுக்கும் ஆலையும் விலைமாதர் குடிசைகளும் வந்தன. அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் பேன்பட்டணம்.

ஹான் மக்களின் தலைவர் ஐசக். சண்டை பிடித்து ஜெயிக்கிற கணக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். 1897-இல் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் ஐந்து கிலோமீட்டர் கீழே மூஸ்ஹைடு என்ற இடத்துக்குப் போனார். அதுவும் டாசனின் அழுக்கெல்லாம் ஆற்றோடு வருகிற திசைதான். இருந்தாலும் அவர் டாசனுக்கு வந்துபோய்க்கொண்டே இருந்தார், எல்லோரோடும் சிரித்துப் பேசினார், நீங்கள் நன்றாக இருப்பது எங்கள் நிலத்தில் என்பதையும் விடாமல் சொல்லிக் காட்டினார்.

அவர் செய்த இன்னொரு காரியத்துக்காகத்தான் இந்த மேடைக்கே வந்தேன். இந்தக் கூட்டத்துக்கு நடுவே நம் பாட்டும் ஆட்டமும் நிலைக்காது என்று தோன்றியதும், அவற்றையும் ஆட்டத்தில் பிடிக்கிற கானாக் என்ற கோலையும் கொண்டுபோய் அலாஸ்காவில் இருந்த உறவுக்காரர்களிடம் ஒப்படைத்தார். நகையை அடைக்கலம் கொடுக்கிற மாதிரி பாட்டை அடைக்கலம் கொடுத்திருக்கிறார், ஐயா! ஓலையில் எழுதி வைக்கலாம், கல்லில் வெட்டலாம், நமக்குத் தெரிந்த வழி அதுதான். அங்கே ஆளிடம்தான் கொடுக்க முடியும், அந்த ஆள் தினமும் பாடிக்கொண்டிருந்தால்தான் அது இருக்கும்.

பயந்தது நடந்தது. தங்கம் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் 1899-இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்றதும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள், 1902-இல் டாசனில் ஐயாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் போனவர்கள் போக, அரசாங்கமும் தேவாலயமும் இருந்தன. பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள், தாய்மொழி பேசினால் அடி. ஐசக் 1932-இல் காலமானார். 1957-இல் மூஸ்ஹைடு பள்ளிக்கூடத்தையும் மூடிவிட, குடும்பங்கள் டாசனுக்குக் குடிபெயர்ந்தன.

அப்புறம் 1990-களில் அலாஸ்கா உறவுக்காரர்கள் அந்தப் பாட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் உயிரோடு இல்லை, பேரப்பிள்ளைகள் காலம். 1993-இலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூஸ்ஹைடில் கூடி ஆடுகிறார்கள், படகில் போகிறார்கள், சாலை கிடையாது. 1998-இல் நில ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, ட்ரோச்செக் அவர்கள் கைக்கு வந்தது. 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ட்ரான்டெக்-கிளாண்டைக் என்றே பெயரைச் சேர்த்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. இப்போது யூக்கான் ஆற்றில் சினூக் சால்மன் வரத்து அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. 2024-இல் கனடாவும் அலாஸ்காவும் பேசி அந்த மீனைப் பிடிப்பதை ஏழு வருடத்துக்கு நிறுத்திவைத்திருக்கின்றன. ஒரு சால்மன் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பி வருகிற காலக் கணக்கு அது.