அத்தைக்குத் தெரியாது என்று நினைத்தோம்

எல்லோருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் பல வருடம் ஆலோசகராக இருந்தவள். நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, சொந்த வீட்டில் கோட்டை விட்டவள். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அத்தைக்கு மார்பில் கட்டி. பயாப்சி ரிசல்ட் வந்த அன்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, தாங்க மாட்டா” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். சாதாரணக் கட்டி என்றோம். கீமோவுக்குச் ‘சத்து ஊசி’ என்று பெயர் வைத்தோம். இரண்டாவது ஊசிக்குள் முடி கொத்துக்கொத்தாக வந்தது. அத்தை சீப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “ஏன்டி, சத்து ஊசி போட்டா முடி வளரணும்ல?”

முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில்தான் பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறதே! ஏன் கேட்கவில்லை என்றால், “உங்க மாமா தாங்க மாட்டாருன்னுதான்” என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு, தனித்தனியாக அழுதிருக்கிறார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 1961-இல் டொனால்ட் ஓக்கன் சிகாகோவில் டாக்டர்களைக் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-இல் அதே கேள்வியை அமெரிக்காவில் மறுபடி கேட்டார்கள். 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழ். அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே கேட்கலாம். கேட்டால் சொல்வார்கள்.

நாம் சொல்லாவிட்டாலும் அவர்கள் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இது என்ன, ஏன் வந்தது, எத்தனை நாள் இருக்கும், அடங்குமா? ஷெல்லி டெய்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் மார்பகப் புற்றுநோய் வந்த 78 பெண்களிடம் பேசி 1983-இல் எழுதினார். ஏன் வந்தது என்பதற்குக் கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. என் அத்தைக்கு, கிணற்றடியில் வழுக்கி விழுந்தது. இன்னொரு அம்மாவுக்குக் கண்ணேறு. இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். திடீரென்று காலடி நழுவியவருக்கு அது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ‘என்ன பாவம் பண்ணினேனோ’ என்று அதே கயிறு கழுத்தைச் சுற்றும்போதுதான் நாம் குறுக்கே போக வேண்டும். தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிற வீடுகளிலும்தான். புற்றுநோய் தட்டில் ஒட்டுவதில்லை.

டெய்லர் கவனித்த இன்னொன்றை வார்டில் தினமும் பார்த்தேன். தன்னைவிடக் கஷ்டப்படுகிறவரைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வது. “பாவம், அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு. எனக்கு அறுபதாச்சு” என்பார் அத்தை. அந்தப் பெண்ணோ என்னிடம், “எனக்கு உடம்புல தெம்பாவது இருக்கு, பாவம் அந்தப் பெரியம்மா” என்பாள்!

சரி, தைரியத்துக்கு வருவோம். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஆப்பிளோடு சேர்த்துக் கொடுப்பது அதைத்தானே: “தைரியமா இருங்க, பாதி நோய் ஓடிடும்.” லண்டனில் ஸ்டீவன் கிரீர் குழு 1979-இல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. போராடும் குணம் உள்ளவர்களும், நோயையே ஒப்புக்கொள்ளாதவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்களாம். ஆனால் அது 69 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு. 1999-இல் மேகி வாட்சனும் கிரீரும் மற்றவர்களும் 578 பெண்களைப் பார்த்தார்கள். போராடும் குணம் ஆயுளைக் கூட்டவில்லை. ‘இனி ஒன்றுமில்லை’ என்று முழுக்கக் கைவிட்டவர்களுக்கு நோய் திரும்புவதோ இறப்போ அதிகமாகத் தெரிந்தது. பயப்படுவது வேறு, கைவிடுவது வேறு. நாம் இரண்டையும் குழப்பிக்கொண்டு, பயந்தவரை அதட்டுகிறோம். நோய் திரும்பி வந்தால், நான்தான் தைரியமாக இல்லையோ என்று அந்தப் பழியையும் அவரே சுமக்கிறார். புற்றுநோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்கும் துறைக்கு அடித்தளம் போட்ட நியூயார்க் மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் இதை நேர்மறைச் சிந்தனையின் கொடுங்கோன்மை என்றே சொன்னார்.

அப்படியானால் பேசி என்ன பயன் என்று கேட்பீர்கள். கனடாவில் நோய் முற்றிப் பரவிய 235 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. வலியும் மனவேதனையும் குறைந்தன. எனக்கு அது போதும்.

அப்புறம், சிகிச்சை முடிந்த நாள். நாங்கள் கேசரி கிண்டினோம். அத்தை அன்றைக்குத்தான் அதிகம் அழுதார். “இவ்வளவு நாள் டாக்டர் பார்த்துக்கிட்டாரு. இனிமே யாரு பார்ப்பா?” செக்கப் நெருங்கினால் இன்னமும் தூக்கம் போய்விடும்.

மனவேதனையை அளக்க ஒரு எளிய அளவுகோல் உண்டு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரிப் படம், பூஜ்யம் முதல் பத்து வரை. நான்கைத் தொட்டால் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். அத்தைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் போன் செய்தார்.

“பயமா இருக்குடி.”

“பத்துக்கு எவ்வளவு அத்தை?”

“ஏழு.”

“சரி. எந்த பஸ்ல வர்றீங்க? நான் ஸ்டாண்டுல நிக்கிறேன்.”