சுவர் இருந்தால்தானே சித்திரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நீதியரசர் அவர்களே, ஊர் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, என் நேரத்தில் பாதியையும் சேர்த்துப் பேசிய பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத்தாரே, வணக்கம். நம் இளம் ஓவியரின் இந்தக் கண்காட்சியில் ஓவியம், வண்ணம், சந்தை என்று மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்.

புதுக்கோட்டைச் சீமையின் சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் மண்டபத்து விதானத்தில் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்தச் சமணக் குடைவரையின் கருவறை விதானத்தில் கம்பளம் விரித்தாற்போல் ஓர் அலங்காரம் உண்டு, சதுரங்களும் வட்டங்களும். நம் இளம் ஓவியர் பிடித்துக்கொண்டது அதைத்தான். யானை இல்லை, அன்னம் இல்லை, கதையும் இல்லை. அதோ அந்தப் பெரிய துணியைப் பாருங்கள். காவிச் சிவப்பில் ஒரு வட்டம். அதன் வலது விளிம்பு உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது. உதிர்ந்த இடத்தையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்! இதற்கு என்ன பொருள் என்கிறார்கள். வாசலில் கோலம் போடும் பெண்களிடம் யாராவது பொருள் கேட்டோமா? ஜாதகக் கட்டத்தையே ஓவியமாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய மண் இது.

ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். ஒரு கிராமத்துப் பெருமாள் கோயிலில் கூரை முழுதும் பழைய ஓவியம் என்று கேள்விப்பட்டு நண்பரின் காரில் கிளம்பினோம். வழியில் டயர் வேறு வெடித்தது. போய்ச் சேர்ந்தால் கூரை பளபளவென்று வெள்ளை! தர்மகர்த்தா ஓடிவந்தார். "எப்படி இருக்கிறதய்யா? குடமுழுக்குக்காக மூன்று பூச்சு அடித்திருக்கிறோம்." "இங்கே ராமாயணம் இருந்ததே?" என்றேன். "இருந்தது. ஒரே அழுக்கு. அனுமார் முகமே தெரியவில்லை." "இப்போது அனுமாரே தெரியவில்லை" என்றார் நண்பர். தர்மகர்த்தா சிரிக்கவில்லை. பட்டாபிஷேகம் இருந்த இடத்தில் உபயதாரர் பெயரை எழுத, சிவப்பு எனாமல் டப்பாவோடு ஒருவர் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

இனிமேல் ஓர் ஓவியர் அந்த ஊருக்குப் போனால் எதைப் பார்த்து வரைவார்? சுவர் இருந்தால்தானே சித்திரம்! இந்தக் கண்காட்சியை நான் ஒரு மனுவாகவே பார்க்கிறேன். திருப்பணி தொடங்குமுன் எல்லாக் கோயில்களிலும் சுவரோவியங்களைப் படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்பு முறை அறிந்த ஒருவர் பார்த்து ஒப்பமிடாமல் சுண்ணாம்பு வாளி உள்ளே போகக்கூடாது. நீதியரசர் தலையசைக்கிறார், அதை இசைவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வண்ணமும் சந்தையும் பாக்கி. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். வணக்கம்.