வாயுள்ள பிள்ளைகளே, வார்டுக்கு வாருங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆயிரம் பணிகளுக்கிடையே முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய சமூக மன்ற மகளிர் குழுச் செயலாளர் அவர்களே, இரவுப் பணி முடித்து உறங்காமல் வந்திருக்கும் தாதியரே, அனைவருக்கும் வணக்கம்.

1885 ஆகஸ்ட் 1 அன்று பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இங்கே சிங்கப்பூரில், பொது மருத்துவமனையில் தாதிப் பணியைத் தொடங்கினார்கள். அந்த நாளையே தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். கலைப் பட்டதாரிகள் தாதியாகலாமா என்பது எனக்குத் தந்த தலைப்பு. வழி, தகுதி, வருமானம் என்று மூன்றையும் பேசுகிறேன்.

வழி இருக்கிறது. வேறு துறையில் வேலை பார்த்தவர்களுக்கென்றே இரண்டாண்டுப் படிப்பு உண்டு. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெறலாம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டமே பெறலாம். படிக்கும் காலத்திலேயே உதவித்தொகை கிடைக்கிறது.

தகுதிக்கு வருகிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வரலாறும் இலக்கியமும் படித்த பிள்ளைக்குப் பேசவும் தெரியும், பிறர் பேசினால் கேட்கவும் தெரியும்.

என் பெரியம்மா ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். வயது எண்பதுக்கு மேல், தமிழ் மட்டுமே தெரியும். முழங்கால் அறுவை நன்றாக முடிந்தும் தலைசுற்றல் நிற்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால், கேட்டவர் மனம் நோகாமலிருக்க ஐந்து விரலைக் காட்டுவார். அந்த வார்டுக்குப் பயிற்சிக்கு வந்தாள் ஒரு பெண். வரலாற்றுப் பட்டதாரி, நம் தமிழ்ப் பிள்ளை. மேசையில் நிறைந்தபடியே இருந்த தண்ணீர்க் குவளை அவள் கண்ணில் பட்டது. "ஏன் பாட்டி, தொடவே இல்லையே?" என்றாள். பெரியம்மா அவள் காதோடு சொன்னார்: "குடித்தால் இரவில் எழவேண்டும் கண்ணு. பாவம், அந்தப் பிள்ளைகளை எத்தனை முறைதான் மணியடித்துக் கூப்பிடுவது?" இரண்டு நாளாகத் தண்ணீரைக் குறைத்திருக்கிறார்! பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் உடனே மூத்த தாதியிடம் சொன்னாள். கழிப்பறைக்கு அழைத்துப்போக நேரம் குறித்தார்கள். பெரியம்மா தண்ணீர் குடிக்கத் தொடங்கினார், தலைசுற்றலும் நின்றது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி. வாயிருந்தும் கேட்க ஆளில்லாத கிழவி எப்படிப் பிழைப்பாள்? நான் ஊர் ஊராகக் கேட்பது இதைத்தான்: தமிழ் முதியவர் படுத்திருக்கும் வார்டில், பகலோ இரவோ, தமிழ் பேசும் தாதி ஒருவராவது இருக்க வேண்டும். உறுப்பினர் அவர்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

பெற்றோரே, பட்டம் வாங்கிய மகள் படுக்கை மாற்றுவதா என்று தடுக்காதீர்கள். வாயிலருகே மேசையில் ஏடு வைத்திருக்கிறோம். விருப்பமுள்ள பட்டதாரிகள் பெயர் கொடுங்கள், விண்ணப்பம் நிரப்ப நானே உடன் உட்காருகிறேன்.